பிட் ஸ்டாப்பில் பந்தயக் கார் எப்படி அவ்வளவு சீக்கிரம் சரியாகிறது?

2023 அக்டோபர், கத்தார் கிராண்ட் பிரீ என்ற பார்முலா ஒன் கார் பந்தயம். லாண்டோ நாரிஸ் ஓட்டிய மெக்லாரன் கார் பிட் லேனுக்குள் நுழைந்து தன் அணியின் இடத்தில் நின்றது. நான்கு டயர்களும் மாறின. கார் கிளம்பிவிட்டது. நின்றதற்கும் கிளம்பியதற்கும் இடையே ஆன நேரம் 1.80 நொடி. அன்று அது உலக சாதனை. அதற்கு முன் 2019 பிரேசில் பந்தயத்தில் ரெட் புல் அணி 1.82 நொடியில் முடித்ததுதான் சாதனையாக இருந்தது.

இதைப் பார்ப்பவர்கள் மெக்கானிக்குகளின் கைவேகத்தை வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான், அதற்காகவே ஓயாமல் பயிற்சி எடுப்பவர்கள் அவர்கள். ஆனால் அதே இருபது பேரைச் சாலையில் ஓடும் ஒரு சாதாரண காரின் முன் நிறுத்தினால், இரண்டு நொடியை அவர்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பந்தயக் காரை வரைந்தவர் பாதி வேலையை முன்னதாகவே முடித்து வைத்திருக்கிறார். எந்த இடத்தில் கழல வேண்டும், எத்தனை திருப்பில் கழல வேண்டும், எந்தக் கருவி அங்கே நுழைய வேண்டும் என்பதெல்லாம் காகிதத்திலேயே தீர்மானமானவை. கேமரா அதைக் காட்டுவதில்லை.

முதலில் அடிப்படை. பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவோ, எரிபொருள் நிரப்பவோ, அடிபட்ட பாகத்தை மாற்றவோ கார் ஓடுபாதையை விட்டு விலகி, தன் அணியினர் காத்திருக்கும் இடத்துக்கு வருவதுதான் பிட் ஸ்டாப். அங்கே வந்து போகும் வழியான பிட் லேனுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. பார்முலா ஒன்னில் பெரும்பாலான இடங்களில் மணிக்கு 80 கி.மீ.; மொனாக்கோ போன்ற குறுகலான இடங்களில் 60. கார் நிற்பது இரண்டு நொடிதான் என்றாலும், மெதுவாக உள்ளே வந்து மெதுவாக வெளியேறுவதையும் சேர்த்தால் பல பந்தயங்களில் இருபது நொடிக்கு மேல் போய்விடும். அந்த இருபதை யாராலும் குறைக்க முடியாது. நிற்கும் நேரம் மட்டும்தான் அணியின் கையில் இருக்கிறது. சராசரியாக மணிக்கு 216 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் 60 மீட்டர் போகும். பிட்டில் ஒரு நொடி தாமதித்தால், வெளியே வரும்போது எதிராளி பத்து கார் நீளத்துக்கும் மேல் முன்னே போயிருப்பார்.

பழுது பார்ப்பதே இல்லை

தலைப்பில் 'சரியாகிறது' என்று எழுதினேன். உண்மையில் பிட் ஸ்டாப்பில் எதையும் யாரும் சரிசெய்வது அபூர்வம். மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு பழுதைச் சரிசெய்வதில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். எது கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை அடைவதற்காக நடுவில் இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். கெட்டதைச் செப்பனிட வேண்டும். திரும்பப் பூட்டி, அளவு சரிபார்த்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் கழற்றுவதையும் பூட்டுவதையும் தவிர மற்ற எல்லாவற்றையும் பந்தயத்துக்கு முன்பே செய்துவிடலாம், மாற்றுப் பாகம் ஒன்று முழுதாகத் தயாராக இருந்தால். முன் இறக்கையில் ஒரு தகடு உடைந்தால் அந்தத் தகட்டைத் தேடி ஒட்டுவதில்லை. இறக்கை, மூக்கு, அதற்குள் ஓடும் வயர் எல்லாம் சேர்ந்த ஒரே தொகுதியாகப் புதிதாக வைக்கிறார்கள். கோணம், உயரம் எல்லாம் அணியின் பட்டறையிலேயே அளந்து முடித்திருப்பார்கள்.

ஆகவே வடிவமைப்பாளரின் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: காரை எந்த இடத்தில் துண்டாக்கலாம்?

எல்லா இடத்திலும் துண்டாக்கிவிட முடியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் விலை உண்டு. இணைப்பு என்றால் இரண்டு விளிம்பு, அவற்றைத் தடிமனாக்க வேண்டும், நடுவே ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு உலோகக் குழல். எடை கூடும். ஒரே வார்ப்பாக இருந்தால் இருந்திருக்கும் விறைப்பு குறையும். உடைவதற்குப் புதிதாக ஓர் இடமும் பிறக்கும். எடையைக் கிராம் கணக்கில் குறைக்கப் பாடுபடும் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால், அடிக்கடி தேய்வது எது, அடிக்கடி இடிபடுவது எது, அதை மாற்றினால் பந்தயத்தைத் தொடர முடியுமா என்ற மூன்றையும் பார்த்துத்தான் இணைப்புக்கு இடம் கொடுப்பார்கள்.

இந்தக் கணக்கு நேற்று வந்ததல்ல. 1906 ஜூனில் பிரான்சின் லெ மான் ஊருக்கு அருகே நடந்த முதல் கிராண்ட் பிரீயே இதற்குச் சாட்சி. இரண்டு நாள், 1,200 கி.மீ.க்கும் மேற்பட்ட ஓட்டம், மோசமான சாலை, டயர்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. விதிப்படி ஓட்டுநரும் கூட உட்கார்ந்து வரும் மெக்கானிக்கும் மட்டுமே காரில் கைவைக்கலாம். பழைய டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதை விளிம்பில் ஏற்றிக் காற்றடிக்கக் கால் மணி நேரம் வரை ஆகும். மிஷ்லின் டயர் நிறுவனம் அந்தப் பந்தயத்துக்குக் கழற்றி மாட்டும் விளிம்பைக் கொண்டுவந்தது. காற்றடைத்த டயர் ஏற்கெனவே ஏறியிருக்கும் விளிம்பு அது. எட்டு நட்டுகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதைப் பூட்டினால் போதும். நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

ஆனால் அந்த விளிம்பு ஒவ்வொன்றும் வழக்கமானதைவிட ஏறத்தாழ ஒன்பது கிலோ கூடுதல் எடை. காரின் எடைக்கு 1,000 கிலோ என்று உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பை ஏற்கெனவே தொட்டிருந்த அணிகளால் புதிய விளிம்பைப் பயன்படுத்தவே முடியவில்லை. ரெனோ அணி பின் சக்கரங்களில் மட்டும் பொருத்தியது. பின்னால்தான் டயர் சீக்கிரம் தேயும். அந்த ரெனோவை ஓட்டிய ஃபெரென்ஸ் சிஸ் பந்தயத்தை வென்றார். எடையைக் கொடுத்து நேரத்தை வாங்குவது, அதுவும் எங்கே தேவையோ அங்கே மட்டும் வாங்குவது. இன்றுவரை பிட் ஸ்டாப் வடிவமைப்பின் சாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒற்றை நட்

சாலைக் காரின் சக்கரத்தில் நான்கோ ஐந்தோ நட்டுகள் இருக்கும். அவை சக்கரத்தை மையத்தட்டோடு இறுக்கிப் பிடிக்கின்றன. எஞ்சினின் திருப்பு விசை பெரும்பாலும் அந்த இறுக்கத்தால் வரும் உராய்வு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பார்முலா ஒன் காரில் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டார்கள். விசையைக் கடத்துவதற்கு, சக்கரத்தின் துளைகளுக்குள் போய் உட்காரும் முளைகள் இருக்கின்றன. சக்கரம் கழன்று வெளியே வராமல் பிடிப்பதற்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட். ஒரு நட் என்றால் ஒரு கருவி, ஒரு ஆள், ஒரு இறுக்கு.

அந்த நட்டை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் இருக்கும். கனமான எஃகுக்குப் பதில் அலுமினியக் கலவை. அச்சின் முனை கூம்பாகக் குறுகியிருக்கும். சக்கரத்தைச் சற்றுக் கோணலாகக் கொண்டுவந்தாலும் கூம்பு அதை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். முளைகளின் நுனியும் அப்படித்தான். மரைகள் பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். சில சுற்றுகளிலேயே நட் முழுதாக ஏறிவிட வேண்டும். நட்டின் வெளிப்புறப் பற்கள் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், சுழன்றுகொண்டே வரும் கன்னின் (நட்டைக் கழற்றிப் பூட்டும் காற்றழுத்தக் கருவியின்) வாய் தானாக வழுக்கி உள்ளே போய்ப் பொருந்தும். கண்ணால் பார்த்துப் பொருத்த நேரமில்லை என்பதால், பொருந்துவதை உலோகமே பார்த்துக்கொள்கிறது.

முக்கியமான இன்னொன்று: நட் சக்கரத்தோடேயே இருக்கும். பழைய சக்கரத்தை இழுத்தால் அதன் நட்டும் கூடவே போகும். புதிய சக்கரம் தன் நட்டோடு வரும். தரையில் உருண்டு ஓடும் நட்டைத் தேடும் கதையே கிடையாது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் ஐந்து நட் இருந்த காலத்திலேயே இதற்கு எளிய வழி கண்டிருந்தார்கள். பசை தடவி ஐந்து நட்டுகளையும் சக்கரத்தின் துளைகளில் முன்பே ஒட்டி வைத்துவிடுவார்கள். சக்கரத்தை மாட்டிவிட்டு ஏர் கன்னை வைத்தால் பசை உடைந்து நட் ஏறிவிடும். 2022இல் வந்த புதிய தலைமுறைக் காரோடு நாஸ்காரும் ஒற்றை நட்டுக்கு மாறியது. ஐந்து நட்டுகளின் 'டர்ர், டர்ர்' ஓசையை ரசித்தவர்களுக்கு அதில் வருத்தம்தான்.

காரின் இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும், ஓட்டத்தில் நட் தானாகத் தளராமல் இருக்க. இரண்டு பக்க நட்டுகளுக்கும் வேறு வேறு நிறம் பூசியிருப்பார்கள். அவசரத்தில் மாறிப்போனால் அவ்வளவுதான். நட் தளர்ந்தால்கூட சக்கரம் உடனே பறந்துவிடாதபடி, அச்சின் முனையில் விரிந்து நிற்கும் சிறு தடுப்புகளை விதி கட்டாயமாக்கியிருக்கிறது. கன்னின் வாய் அழுத்தும்போது அவை உள்ளே மடங்கும்; கன்னை எடுத்ததும் வெளியே நீண்டு நிற்கும். பூட்டுவதற்கென்று தனியாக ஒரு அசைவு தேவையில்லை.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பேர்: கன் பிடிப்பவர், பழையதை எடுப்பவர், புதியதை வைப்பவர். நான்கு சக்கரத்துக்குப் பன்னிரண்டு. முன்னும் பின்னும் ஜாக் போடுபவர்கள், கார் ஆடாமல் பிடிப்பவர்கள், முன் இறக்கையின் கோணத்தை மாற்றுபவர்கள் என்று சேர்த்தால் இருபது பேருக்கு மேல். எரிபொருள் நிரப்புவது 2010 முதல் பார்முலா ஒன்னில் தடைசெய்யப்பட்டதால், காரை நிறுத்தி வைக்க டயரைத் தவிர வேறு காரணமில்லை. நட்டின் வடிவத்தின் மீது இத்தனை கவனம் குவிந்ததற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். அதற்கு முன் எப்படியும் எரிபொருள் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். டயரை மூன்று நொடியில் மாற்றினால் என்ன, ஐந்தில் மாற்றினால் என்ன?

வேகத்துக்காக இப்படி இழைத்த வடிவமைப்பு கைவிட்ட நாட்களும் உண்டு. 2018 ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயில் ஹாஸ் அணியின் இரண்டு கார்களும் நான்காவது, ஐந்தாவது இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்தடுத்த பிட் ஸ்டாப்புகளில் இரண்டிலும் நட் சரியாக ஏறவில்லை. இரண்டும் பாதியில் நின்றன. 2021 மொனாக்கோவில் நடந்தது இன்னும் விசித்திரம். வால்டேரி போட்டாஸின் மெர்சிடிஸ் காரில் முன் வலப்பக்க நட்டின் மீது கன் சற்றுக் கோணலாக உட்கார்ந்தது. அந்த வேகத்தில் கன்னின் வாய் மென்மையான அலுமினியப் பற்களைச் சீவித் தள்ளிவிட்டது. பிடிக்கப் பல்லே இல்லாத நட்டை எப்படிக் கழற்றுவது? போட்டாஸ் பந்தயத்தை விட்டு வெளியேறினார். இரண்டு நாள் கழித்து, காரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோன பிறகுதான் அந்தச் சக்கரம் கழன்றது. எடைக்காக மென்மையான உலோகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அன்று கொடுத்த விலை அது.

மனிதர்களின் அவசரத்துக்கும் இப்போது ஒரு வரம்பு இருக்கிறது. நட் இறுகியது என்று கன் சொல்லும், ஜாக் இறங்கியது என்று அதன் உணரி சொல்லும், பச்சை விளக்கு எரியும். இந்தச் சங்கிலி ஒரு மனிதன் உணர்ந்து பொத்தானை அழுத்தும் நேரத்தைவிட வேகமாக ஓடக்கூடாது என்று சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு 2021இல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 1.80 வந்தது என்பதில் மெக்லாரனுக்குக் கூடுதல் பெருமை.

காரைத் தூக்குவது

ஜாக் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பார்முலா ஒன் காருக்கு வெளியிலிருந்து நெம்புகோல் ஜாக். முன்னால் மூக்கின் அடியிலும் பின்னால் அதற்கென்று வலுவூட்டிய இடத்திலும் மாட்டிக்கொள்ளும். ஒரே அழுத்தில் ஏறும், விசையைத் தட்டினால் விழும். முன் ஜாக்கின் தலை திரும்பக்கூடியது. காரைத் தூக்கியதும் ஆள் பக்கவாட்டில் விலகிவிடலாம். பாய்ந்து வரப்போகும் காரின் நேர்முன்னே நிற்பவருக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அமெரிக்காவின் இண்டிகார், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் போன்றவற்றில் ஜாக் காருக்குள்ளேயே இருக்கிறது. அடிப்பகுதியில் சில காற்று உருளைகள். ஒருவர் ஓடிவந்து காற்றுக் குழாயைச் செருகினால் கார் அப்படியே நான்கு காலில் எழுந்து நிற்கும். இந்த உருளைகளின் எடையைப் பந்தயம் முழுக்கச் சுமக்க வேண்டும். முப்பது தடவை பிட்டுக்கு வரும் காருக்கு அது கட்டுப்படியாகும். ஒன்றிரண்டு தடவை வரும் காருக்குக் கட்டுப்படியாகாது. 1906இன் அதே கணக்கு.

மூக்கும் இறக்கையும்

டயருக்கு அடுத்து அதிகம் மாற்றப்படுவது முன் இறக்கை. காரின் முன்முனையில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில், சக்கரங்களுக்கு முன்னால் இரு பக்கமும் நீண்டிருக்கும் மெல்லிய கார்பன் பைபர் அமைப்பு அது. முதல் வளைவில் யாராவது உரசினால் முதலில் போவதும் அதுதான். அது இல்லாமல் கார் ஓடும், ஆனால் திரும்பாது.

இறக்கை மூக்கோடு பிணைந்திருக்கிறது. மூக்கு, ஓட்டுநர் உட்காரும் கூட்டோடு நான்கு பூட்டுகளால் இணைந்திருக்கிறது. இந்த மூக்குக்கு இரட்டைப் பொறுப்பு. நேராகப் போய் மோதினால் நொறுங்கி விசையை விழுங்க வேண்டியது அதுவே. அதற்கான மோதல் சோதனையில் தேறாவிட்டால் காரை ஓடவிட மாட்டார்கள். அந்த அளவு உறுதியாகப் பிடித்திருக்க வேண்டிய இணைப்பு, ஒரு கருவியைச் சில திருப்புத் திருப்பினால் கழலவும் வேண்டும். இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு இதுதான் என்பேன். நட்டைப் போலப் புகழ் பெறவில்லை, ஆனால் முரணான இரண்டு கட்டளைகளுக்கு ஒரே சமயத்தில் பணிந்து நடக்கிறது. வழிகாட்டும் ஊசிகள் முதலில் துளைகளைக் கண்டுபிடிக்கும், மூக்கு தானாக நேராகும், பிறகு பூட்டுகள். உணரிகளின் வயர்கள் ஒரே இணைப்பியில் முடிந்திருக்கும். முழு மாற்றத்துக்கும் பத்து நொடி அளவில் ஆகும்.

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். முன் ஜாக் மாட்டுவது மூக்கின் அடியில். மூக்கையே கழற்ற வேண்டும் என்றால் காரை எங்கே பிடித்துத் தூக்குவது? அதற்காகப் பக்கவாட்டு ஜாக்குகள் தனியாக இருக்கின்றன. நேரலையில் காரின் விலாப்பக்கமாக யாராவது ஜாக்கோடு காத்திருப்பதைப் பார்த்தால், மூக்கு மாறப்போகிறது என்று வர்ணனையாளருக்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.

இறக்கையை மாற்றாமல் அதன் கோணத்தை மட்டும் மாற்றுவதும் உண்டு. டயர் மாறும் அதே இரண்டு நொடிக்குள், இரு பக்கமும் ஒருவர் குனிந்து ஒரு திருகைச் சில சுற்றுச் சுற்றுவார். அந்தத் திருகு எட்டும் இடத்தில், சக்கரக்காரர்களுக்கு இடைஞ்சல் இல்லாத பக்கத்தில் இருப்பதும் வரைந்தவரின் வேலை. ஸ்டியரிங்கும் அப்படித்தான், பின்னால் இருக்கும் வளையத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும். ஓட்டுநர் ஏறி இறங்க அது தேவை. கோளாறு என்றால் பிட்டில் வேறொன்றைச் செருகிவிட்டுப் போகலாம்.

24 மணி நேரம் ஓடும் கார்

பார்முலா ஒன்னில் ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது. பெரிய பாகம் எதுவும் கெட்டால் காரை ஓரங்கட்டுவதுதான் வழி. எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பந்தய நடுவே மாற்ற யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் அதற்குள் மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். லெ மான் பந்தயத்தில் நிலைமை வேறு. 24 மணி நேரத்தில் பத்து நிமிடத்தை இழந்த காரும் மேடையேற முடியும். அதனால் பழுதுக்கு ஏற்ற வடிவமைப்பின் உண்மையான கைவண்ணத்தைப் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

லெ மானில் ஓடும் 'புரோட்டோடைப்' கார்களின், அதாவது பந்தயத்துக்கென்றே உருவாக்கிய கார்களின், உடல் சில பெரிய துண்டுகளாகவே வெட்டப்பட்டிருக்கும். முன்பக்கம் முழுக்க, விளக்குகளோடு சேர்த்து, ஒரே துண்டு. பின்பக்கம், இறக்கையோடு சேர்த்து, இன்னொன்று. இரவில் யாரோடாவது உரசி ஒரு விளக்கு போனால் விளக்கைக் கழற்றுவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து முன்பக்கத்தையே தூக்கிவிட்டு, சுவரோரம் தயாராக நிற்கும் இன்னொன்றை வைப்பார்கள். கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும் பூட்டுகள் இந்த வேலைக்கு உயிர்நாடி. சாதாரணத் திருகு பல சுற்றுச் சுற்ற வேண்டும், கையுறை போட்ட கையிலிருந்து விழுந்தும் தொலைக்கும். இது திறந்தாலும் தகட்டை விட்டு வராது. விமானங்களின் மூடிகளுக்காக வந்த பூட்டு வகையைப் பந்தயக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சிந்தனையை அதன் எல்லைக்கே கொண்டுபோனது ஆடி நிறுவனத்தின் ஆர் 8. 2000, 2001, 2002, 2004, 2005 ஆகிய ஐந்து ஆண்டுகளில் லெ மானை வென்ற கார். பந்தயக் கார்களில் பின் சஸ்பென்ஷன் (சக்கரத்தைக் காரோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு) நேராகக் கியர்பாக்ஸின் கூட்டில்தான் பூட்டியிருக்கும். கியர்பாக்ஸ் கெட்டால் சஸ்பென்ஷனைப் பிரிக்க வேண்டும், பிரேக் குழாயை அவிழ்க்க வேண்டும், திரும்பப் பூட்டியபின் சக்கரக் கோணங்களை அளந்து நேராக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். ஆடியின் பொறியாளர்கள் இந்தப் பிணைப்பை எதிரியாகப் பார்க்கவில்லை. கியர்பாக்ஸோடு சஸ்பென்ஷன் சேர்ந்தே இருக்கிறதா, சேர்ந்தே வரட்டும் என்று விட்டார்கள். இணைப்பை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வைத்தார்கள். சில போல்ட், சட்டென்று விடுபடும் சில குழாய் இணைப்புகள், மின் இணைப்பிகள். கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் சேர்ந்த காரின் பின்பாதி மொத்தமாகப் பின்னால் இழுபட்டு வரும். கோணங்கள் அளந்து வைத்த இன்னொரு பின்பாதி உள்ளே போகும்.

2000 லெ மானில் இப்படி மாற்ற ஐந்து நிமிடம் அளவில்தான் ஆனது. அந்த ஆண்டு முதல் மூன்று இடமும் ஆடிக்கே. போட்டியை நடத்துபவர்கள் இதை ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ளவில்லை. கியர்பாக்ஸின் கூட்டைப் பந்தயத்தின் நடுவே மாற்றக்கூடாது என்று பிற்பாடு விதி வந்தது. உள்ளே பற்சக்கரங்களை மாற்றிக்கொள்ளலாம், கூடு அதேதான் இருக்க வேண்டும். உறுதியாகச் செய்வதைவிடச் சீக்கிரம் மாற்றுவதே லாபம் என்று ஆகிவிட்டால் அது தாங்குதிறன் போட்டியாக இராது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பொறியியல் ரசிகனுக்கு அந்தப் பின்பாதி ஓர் இழப்புதான்.

'சட்டென்று விடுபடும் குழாய்' என்று மேலே போகிறபோக்கில் சொன்னேன். அது இல்லாமல் மேற்சொன்ன எதுவும் நடக்காது. சாதாரண பிரேக் குழாயை அவிழ்த்தால் எண்ணெய் கொட்டும், காற்று உள்ளே புகும். பிறகு அந்தக் காற்றை வெளியேற்றப் பெடலை அழுத்தி அழுத்தி நேரம் போகும். பந்தயக் கார்களில் இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு அடைப்பான் இருக்கிறது. இரண்டும் முழுதாகச் சேர்ந்தால்தான் திறக்கும். பிரியத் தொடங்கும்போதே இரண்டும் மூடிக்கொள்ளும். ஒரு சொட்டுக்கு மேல் சிந்தாது. இதனால் நீண்ட பந்தயங்களில் பிரேக்கைக்கூட ஒரு பிட் ஸ்டாப்பில் மாற்ற முடிகிறது: சக்கரம் கழன்றதும், கொதிக்கும் சூட்டில் இருக்கும் காலிப்பரை (பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகத்தை) அதன் பேடுகளோடு எடுத்துவிட்டு, எண்ணெய் நிரப்பிக் காற்று நீக்கி வைத்த வேறொன்றைப் பூட்டிக் குழாயைச் செருகினால் பெடல் உடனே பிடிக்கும். எரிபொருள் குழாயின் வாயிலும் இதே இரட்டை அடைப்பான் தத்துவம்தான். அங்கே சிந்தினால் என்ன ஆகும் என்பதை 1994 ஜெர்மனி கிராண்ட் பிரீயில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் பெனட்டன் கார் பிட்டில் தீப்பிடித்தபோது உலகமே பார்த்தது.

விதி எப்படியோ கார் அப்படி

இதுவரை பார்த்ததில் ஒன்று புலப்பட்டிருக்கும். ஒரு கார் எவ்வளவு எளிதாகக் கழலும் என்பதை முடிவு செய்வது பொறியாளரின் திறமை மட்டும் இல்லை. நேரத்துக்கு அந்தப் போட்டி என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்பதும்தான். 1982இல் பிராபம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே இதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். அப்போது பார்முலா ஒன்னில் டயரும் எரிபொருளும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தாங்கும்படிக் கிளம்புவதே வழக்கம். திட்டமிட்ட பிட் ஸ்டாப் என்று ஒன்று இல்லை. பாதித் தொட்டி எரிபொருளோடு, மென்மையான டயரில் கிளம்பினால் கார் எடை குறைந்து வேகமாக ஓடும். நடுவில் ஒருமுறை நிற்பதில் போகும் நேரத்தைவிட அந்த லாபம் அதிகம் என்று அவர் கணக்குப் போட்டார். அதற்காகக் காருக்குள் காற்று ஜாக் வைத்தார், மாற்று டயர்களைச் சூடாக வைத்திருக்க ஓர் அடுப்பு செய்தார். பிட் ஸ்டாப்புக்காகவே கார் வரையப்பட்டது.

நாஸ்கார் வேறு திசையில் போனது. அங்கே பிட் ஸ்டாப்பைக் கலையாக வளர்த்தவர்கள் வுட் பிரதர்ஸ் அணியினர். 1965 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காருக்குப் பிட் வேலை செய்ய அவர்களையே அழைத்தார்கள், கிளார்க் வென்றார். நாஸ்கார் கார்கள் இடித்துக்கொண்டே ஓடுபவை. நசுங்கிய தகடு டயரில் உரசினால் மெக்கானிக் அதைப் பிடித்து இழுப்பார், சுத்தியலால் தட்டுவார், வலுவான ஒட்டுப்பட்டை போட்டு மூடுவார். நான் 'பழுது பார்ப்பதே இல்லை' என்று சொன்னதற்கு விதிவிலக்கு இதுதான். அதிலும் விதியின் கை இருக்கிறது: 2017இல் வந்த ஒழுங்குமுறைப்படி, மோதலில் அடிபட்ட காரைச் சீர்செய்ய ஐந்து நிமிடக் கெடு விதித்தார்கள், உடல் தகடுகளைப் புதிதாக மாற்றவும் அனுமதிக்கவில்லை. கெடு பின்னர் கூடிக் குறைந்திருக்கிறது. மாற்றுவதைத் தடைசெய்தால் மனிதர்கள் ஒட்டுப்பட்டையில் மேதைகளாகிவிடுகிறார்கள்.

விரைவாகப் பழுது நீக்கியதற்கு நான் பார்த்ததிலேயே சிறந்த எடுத்துக்காட்டு பிட்டில் நடந்ததே அல்ல. 2020 ஜூலை, ஹங்கேரி. பந்தயம் தொடங்கும் கோட்டுக்கு வரும் வழியில், ஈரத்தில் வழுக்கி மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் தடுப்பில் மோதியது. முன் இடப்பக்க சஸ்பென்ஷனின் தண்டுகள் முறிந்தன. எப்படியோ அவர் காரைத் தொடக்கக் கோட்டுவரை கொண்டுவந்துவிட்டார். அங்கேயே, எல்லா அணிகளும் வேடிக்கை பார்க்க, இருபது நிமிடம் அளவே இருந்த அவகாசத்தில் மெக்கானிக்குகள் முறிந்த தண்டுகளை எடுத்துப் புதியவற்றைப் பூட்டி, புது மூக்கும் வைத்தார்கள். பட்டறையில் இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வார்களாம். வெர்ஸ்டாப்பன் அன்று இரண்டாவதாக வந்தார். அந்தத் தண்டுகளின் நீளம் முன்பே அளந்து குறித்து வைக்கப்படாமல், முனைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்திருந்தால், எத்தனை திறமைசாலிகள் இருந்தும் பயனில்லை.

கழற்றவே முடியாதபடி வரைந்த பாகமும் ஒன்று உண்டு. ஓட்டுநர் உட்காரும் கார்பன் பைபர் கூடு. எரிபொருள் தொட்டி அதற்குள்தான், எஞ்சின் அதன் முதுகில்தான், முன் சஸ்பென்ஷன் அதன் தோளில்தான். உயிரைக் காக்கும் பொறுப்பு அதற்கு இருப்பதால் நடுவே ஓர் இணைப்பையும் அனுமதிப்பதில்லை. மூக்கு, இறக்கை, சக்கரம், பின்பாதி என்று சுற்றியுள்ள அத்தனையும் கழன்று மாறலாம். கூட்டில் விரிசல் விழுந்தால் அந்தக் கார் பிட்டிலிருந்து திரும்பி வராது.